முக்கோணப் பாடத்தில் காரணம் எங்கே? கணிதப் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கணிதப் பாடநூல் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

திருத்திய பதிப்பின் முக்கோணப் பாடத்தில் "ஒரு முக்கோணத்தின் மூன்று உட்கோணங்களின் கூடுதல் 180°" என்று ஒரு வண்ணக் கட்டம் இருக்கிறது. கட்டத்துக்குக் கீழே சில எடுத்துக்காட்டுகள், எல்லாமே கழித்தல். இரண்டு கோணங்களைக் கூட்டி 180-இலிருந்து கழித்தால் மூன்றாவது வந்துவிடும். அதோடு பாடம் முடிகிறது. ஏன் 180, ஏன் 170 இல்லை, குட்டி முக்கோணத்துக்கும் பெரிய முக்கோணத்துக்கும் எப்படி ஒரே எண் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. முந்தைய பதிப்பில் இருந்த நிரூபணத்தை எடுத்துவிட்டீர்கள். அதற்கு வேண்டிய இணைகோடுகள் பாடத்தை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டீர்கள்.

மாணவர்களின் சுமையைக் குறைக்கத்தான் இப்படிச் செய்ததாக ஆசிரியர்களுக்கு வந்த சுற்றறிக்கை சொல்கிறது. அந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியராகச் சொல்கிறேன், சுமை கூடியிருக்கிறது. முன்பு ஒரு படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டதால் தானாக நினைவில் நின்ற விஷயத்தை இப்போது மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. முக்கோணத்துக்கு 180, நாற்கரத்துக்கு 360, வெளிக்கோணங்களுக்கு மறுபடியும் 360 என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்களாக அவை பிள்ளைகளின் தலையில் கிடக்கின்றன. தேர்வு நாளில் எது எதற்கு என்று குழம்பிப்போகிறார்கள். மூன்றும் ஒரே காரணத்திலிருந்து வருபவை என்பதைச் சொல்லப் புத்தகத்தில் இடமே இல்லை.

முதலில் 'செய்து பார்' பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் கோபம் வந்தது அதில்தான். நான்கு முக்கோணங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் மூன்று கோணங்களையும் கோணமானியால் அளந்து அட்டவணையில் எழுதச் சொல்கிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் 'கூடுதல்' என்ற கடைசிக் கட்டத்தில் 180° என்று நீங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், நான்கு வரிகளிலும்.

விளைவு என்ன என்று வகுப்பில் வந்து பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு கோணத்தை மட்டும் அளக்கும், மூன்றாவதைக் கழித்து எழுதிவிடும். நேர்மையான பிள்ளை மூன்றையும் அளக்கும். 182 வரும். பயந்துபோய் பக்கத்து நோட்டைப் பார்த்துவிட்டு 63-ஐ அழித்து 61 என்று மாற்றும். கடைசியில் எல்லாருடைய நோட்டிலும் எல்லா வரியிலும் 180. ஒரு வகுப்பு முழுக்க அளந்து பார்த்தும் ஒருவருக்குக்கூட 179 வரவில்லை என்றால், அங்கே யாருமே அளக்கவில்லை என்றுதான் பொருள். மொத்தத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி சாமான்களின் விலையைப் போட்டுக்கொள்வது மாதிரியான வேலை இது. இதைச் செய்துபார்த்துக் கற்றல் என்ற பெயரில் செய்ய வைக்கிறோம்.

இத்தனைக்கும், மிகச் சரியாக அளந்தாலே 180 வராமல் போகலாம். மூன்று கோணங்கள் 60.4, 60.4, 59.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணமானியில் அருகிலுள்ள முழு எண்ணைத்தான் படிக்க முடியும். 60, 60, 59. கூடுதல் 179. இதில் அந்தப் பிள்ளையின் தவறு எதுவுமில்லை, கருவியின் எல்லை அவ்வளவுதான். பென்சில் கோட்டின் தடிமன், கோணமானியின் மையம் முனையில் சரியாக உட்காராதது, பக்கங்கள் குட்டையாக இருப்பதால் அளவுகோட்டை எட்டாதது எல்லாம் சேர்ந்தால் 177-உம் வரும், 183-உம் வரும். அந்த எண்களையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு, "எல்லாம் ஏன் 180-ஐச் சுற்றியே வருகிறது? உண்மையான எண் 180-தானா, இல்லை 179 முக்காலா?" என்று கேட்டால் போதும், வகுப்பு விழித்துக்கொள்ளும். அளந்து அளந்து பார்ப்பதால் மட்டும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். நிரூபணம் என்று ஒன்று ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாசல் பள்ளிக் கணிதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வாசலில்தான் 180° என்று அச்சடித்து வைத்திருக்கிறீர்கள்.

நிலத்தை அளந்தவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாடுகளை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த காலத்தில், இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது கணக்கிலேயே கிடைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் முடிந்த இடத்திலெல்லாம் மூன்றையும் அளந்தார்கள். கூடுதல் எவ்வளவு விலகுகிறது என்பதுதான் அளவை எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்லும். மூன்றாவதைக் கழித்து எழுதிவிட்டால் முதல் இரண்டில் உள்ள பிழை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். 1820-களில் ஜெர்மனியில் ஹனோவர் நில அளவையை நடத்திய கணிதவியலாளர் காஸ், ப்ரோக்கன், ஹோஹென்ஹாகன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று மலையுச்சிகளை இணைக்கும் முக்கோணத்தை அளந்தார். அதன் நீளமான பக்கம் சுமார் 107 கிலோமீட்டர். பூமி உருண்டையாக இருப்பதால் அவ்வளவு பெரிய முக்கோணத்தில் கூடுதல் 180-ஐக் கொஞ்சம் தாண்ட வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்றால், ஒரு டிகிரியை 240 பங்காக்கி அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. அந்த நுணுக்கத்தில் கோணம் அளந்தவர்கள் விலகலைக் குறித்துவைத்தார்கள். நம் பிள்ளைகளோ இரண்டு டிகிரி விலகலை ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பிள்ளைகளுக்குக் காரணம் தேவையே இல்லை, எண் தெரிந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். அவர்கள் கேட்கிற கேள்விகள் அப்படி இல்லை. கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்பார்: "டீச்சர், முக்கோணத்தைப் பெரிசாக்கினா கோணமும் பெரிசாகாதா?" பக்கம் நீள்வதையும் கோணம் விரிவதையும் ஒன்றாக நினைப்பது இந்த வயதில் இயல்பு. இன்னொருவர் ஊசி மாதிரி ஒரு முக்கோணம் வரைந்துகொண்டு வந்து, "இதுக்கும் 180-ஆ?" என்பார். கட்டத்தைக் காட்டி "ஆமாம், புத்தகத்தில் இருக்கிறதே" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல இந்தப் பதிப்பு எனக்கு எதையும் கொடுக்கவில்லை.

இதைவிட நல்ல கேள்வி ஒன்று சமீபத்தில் வந்தது. ஒரு மாணவி முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு கோடு போட்டு அதை இரண்டாக்கினாள். "இந்தத் துண்டுக்கு 180, அந்தத் துண்டுக்கு 180. சேர்த்தா 360. ஆனா முழு முக்கோணத்துக்கு 180-தான்னு சொல்றீங்க. மிச்சம் 180 எங்க போச்சு?" என்றாள். புத்தகத்தின் விதியை நம்பித்தான் கேட்டாள், ஆனால் விதி தன்னையே மறுப்பது போலத் தெரிந்தது. கோடு அடிப்பக்கத்தைத் தொடும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே புதிதாக இரண்டு கோணங்கள் முளைத்திருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரு நேர்கோடு, அதாவது 180. அவை பெரிய முக்கோணத்தின் கோணங்கள் இல்லை. மிச்சம் அங்கே இருக்கிறது.

அதோடு விடவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "அப்படின்னா இதுவே நிரூபணம்தானே?" என்றான். கூடுதல் எவ்வளவு என்று தெரியாது, 'க' என்று வைத்துக்கொள்வோம். இரண்டு துண்டுகளுக்கும் சேர்த்து 2க. அது முழு முக்கோணத்தின் க-வோடு 180-ஐக் கூட்டியதற்குச் சமம். ஆகவே க = 180. வகுப்பு கைதட்டியது. எனக்கும் கைதட்டத்தான் தோன்றியது. அப்புறம் கேட்டேன்: பெரிய முக்கோணத்துக்கும் இரண்டு துண்டுகளுக்கும் ஒரே 'க' என்று நமக்கு யார் சொன்னது? எல்லா முக்கோணத்துக்கும் கூடுதல் ஒன்றுதான் என்பதை நிரூபிக்காமலேயே உள்ளே விட்டுவிட்டோமே? பையன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அதை எப்படிக் காட்டுறது?" என்றான்.

அங்கே நான் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த படி இணைகோடு. இணைகோடு அடுத்த வகுப்பில்.

ஆசிரியர் கையேடு இதற்கு ஒரு வழி சொல்கிறது என்பீர்கள். காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து அடுத்தடுத்து ஒட்டினால் நேர்கோடு வரும், "இவ்வாறு நிரூபிக்கலாம்" என்று போட்டிருக்கிறது. கிழிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வகுப்பில் எப்போதும் செய்வதுதான், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அதை நிரூபணம் என்று அழைக்கக் கூடாது. மூலைகள் சேர்ந்து 179 அரை டிகிரி வந்திருந்தாலும் அது கண்ணுக்கு நேர்கோடாகத்தான் தெரியும். மேலும், கிழித்தது அந்த ஒரு முக்கோணத்தை. கிழிக்காத மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே நடக்கும் என்று அந்தக் காகிதம் சொல்லாது. கிழித்து ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் கையேடு விட்டுவிட்டது. அந்த மூன்று மூலைகளையும் உச்சியிலேயே வைத்து ஒட்டினால் உண்டாகிற நேர்கோடு, அடிப்பக்கத்துக்கு இணையாக நிற்கும். நிரூபணத்தின் படமே அதுதான். அதைச் சொல்லியிருந்தால் கிழித்ததற்குப் பலன் இருந்திருக்கும்.

நீங்கள் சுமை என்று நீக்கியது எவ்வளவு பெரியது என்பதை இந்த மடலைப் படிக்கும் பெற்றோர்களும் பார்க்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். ஏதாவது ஒரு முக்கோணம். அதன் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். முக்கோணத்தின் இடப்பக்கம் இந்த இரண்டு இணைகோடுகளையும் வெட்டிச் செல்கிறது. ஆகவே அடியில் இடது மூலையில் உள்ள கோணமும், உச்சியில் அந்தப் பக்கத்துக்கும் புதிய கோட்டுக்கும் நடுவே உண்டான கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள் (இணைகோடுகளுக்கு நடுவே, வெட்டும் கோட்டின் இரு பக்கங்களிலும் எதிரெதிராக அமைபவை), இரண்டும் சமம். வலப்பக்கத்திலும் அதேதான். இப்போது உச்சியில் மூன்று கோணங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன: இடது மூலைக்குச் சமமானது, உச்சியின் சொந்தக் கோணம், வலது மூலைக்குச் சமமானது. மூன்றும் சேர்ந்து புதிய கோட்டின் ஒரு பக்கத்தை இடைவெளி இல்லாமல் நிரப்புகின்றன. நேர்கோட்டின் ஒரு பக்கம் 180°. முடிந்தது.

இவ்வளவுதான். ஒரு படம், ஒரு கூடுதல் கோடு, சில வாக்கியங்கள். முக்கோணம் பெரிதா சின்னதா, ஊசியா, விரிகோணமா என்று எங்கேயும் கேட்கவில்லை. அதனால்தான் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. அந்த ஊசி முக்கோணப் பையனுக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று கேட்ட பிள்ளைக்கும் இதுதான் பதில். இந்தப் பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோணமானி வைத்திருக்கும் ஒரு கார்ட்டூன் ஆந்தையைப் போட்டிருக்கிறீர்கள். ஆந்தை அழகாகத்தான் இருக்கிறது.

இந்த வயதுக்கு நிரூபணம் கடினம் என்ற வாதத்தையும் கேட்டேன். பின்னாளில் பெரிய கணிதவியலாளரான ப்ளேஸ் பாஸ்கல் 12 வயதில், தந்தை வடிவியல் புத்தகங்களைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தபோது, தானாகவே கோடுகளையும் வட்டங்களையும் வரைந்து யோசித்து இந்த முடிவுக்கு வந்துவிட்டதாக அவருடைய அக்கா வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் பாஸ்கல் என்று சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. படத்தை வரைந்து காட்டினால் பின்தொடரக்கூடிய பிள்ளைகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். இணைகோடுகளில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது தெரிந்திருந்தால் போதும், பெரும்பாலானவர்கள் தாங்களே கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அது தெரியாமல் இருக்கும்படி வரிசையை மாற்றியது நீங்கள். அப்புறம் கடினம் என்றால் என்ன செய்வது?

இந்த வரிசை யாரோ ஒரு பழைய பாடநூல் ஆசிரியரின் பிடிவாதம் இல்லை. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் தொகுத்த 'எலிமென்ட்ஸ்' என்ற வடிவியல் தொகுப்பின் முதல் நூலில் 27 முதல் 31 வரையிலான தேற்றங்கள் இணைகோடுகளைப் பற்றியவை. கொடுத்த புள்ளி வழியாக இணைகோடு வரைவது 31. முக்கோணத்தின் மூன்று கோணங்கள் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பது அதற்கு அடுத்தது, 32. அதற்கு முன்பே 17-ஆம் தேற்றத்தில், எந்த இரண்டு கோணங்களைச் சேர்த்தாலும் இரண்டு செங்கோணத்தை விடக் குறைவு என்பதை அவர் காட்டிவிடுகிறார். அதற்கு இணைகோடு தேவைப்படவில்லை. மூன்றும் சேர்ந்து சரியாக எவ்வளவு என்று சொல்ல மட்டும் இணைகோட்டுக்காகக் காத்திருந்தார். எது எதைத் தாங்கி நிற்கிறது என்பதில் அவ்வளவு கவனம். உச்சி வழியாகக் கோடு போடும் முறையோ யூக்ளிடுக்கும் முந்தையது, பித்தாகரஸ் வழியினருடையது என்று 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய ப்ரோக்ளஸ் பதிவு செய்கிறார்.

தேற்றம் எங்கே வரை செல்லும் என்பதும் காரணம் தெரிந்தால்தான் தெரியும். பூகோள உருண்டையில் வட துருவத்திலிருந்து இரண்டு தீர்க்கக் கோடுகள் வழியாக நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்கள், இரண்டுக்கும் நடுவே 90° இருக்கும்படி. மூன்று மூலையிலும் செங்கோணம். கூடுதல் 270. வகுப்பில் இதைக் காட்டியபோது புத்தகம் பொய் சொல்கிறது என்று ஒரு பையன் தீர்ப்பே கொடுத்துவிட்டான். கட்டத்தை மட்டும் படித்தவனுக்கு வேறு முடிவு கிடைக்காது. நிரூபணத்தைப் படித்தவன் எந்தப் படி உடைகிறது என்று தேடுவான்: உருண்டையின் மேல் 'நேர்கோடு' என்றால் பெருவட்டம், அதாவது நிலநடுக்கோட்டைப் போல உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கிற வட்டம், எந்த இரண்டு பெருவட்டங்களும் வெட்டிக்கொள்ளும், ஆகவே உச்சி வழியாக இணைகோடு வரைய வழியே இல்லை. 180 சமதளத்துக்கு உரிய எண் என்பது அப்போது அவனுக்கு விளங்கும். ஒரு கோட்டுக்கு, அதற்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஒரு இணைகோடுதான் உண்டு என்பதை நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்வதுதான் இணைகோட்டு எடுகோள். அதை மற்ற எடுகோள்களிலிருந்து வருவித்துவிட முடியுமா என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முயன்றார்கள். 1829-இல் ரஷ்யக் கணிதவியலாளர் லோபசெவ்ஸ்கியும் 1832-இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் போயாயும் அதை மாற்றிவைத்து, கூடுதல் எப்போதும் 180-க்குக் குறைவாக இருக்கிற வேறொரு வடிவியலையே வெளியிட்டார்கள். இதையெல்லாம் பள்ளியில் நடத்தச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் போகும் பாதையின் முதல் அடியைப் பறிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பக்கத்திலேயே இருக்கிற பயன்களையும் பாருங்கள். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை நீட்டினால் உண்டாகும் வெளிக்கோணம், எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூடுதலுக்குச் சமம். அதே இணைகோட்டுப் படத்தைக் கொஞ்சம் திருப்பினால் தெரியும். புதிய பதிப்பில் இதற்கும் தனியாக ஒரு கட்டம். நாற்கரத்தை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக்கினால் 360, ஐங்கோணத்தை மூன்றாக்கினால் 540. ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 108. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்றை வைத்தால் 324, மீதி 36°-இல் நான்காவது நுழையாது, அதனால் ஒழுங்கு ஐங்கோணங்களை மட்டும் வைத்துத் தரையை இடைவெளியில்லாமல் மூட முடியாது. அறுகோணத்தின் கோணம் 120, மூன்று வைத்தால் கச்சிதமாக 360. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடவேண்டிய பாடம் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய பதிப்பின் முக்கோணங்கள் அனைத்தும் தரையில் அடிப்பக்கம் வைத்து, உச்சி மேலே பார்த்து, மூன்றும் குறுங்கோணமாக நிற்கின்றன. தலைகீழாக ஒன்றை வரைந்தால் பிள்ளைகள் தாளைத் திருப்பிப் பிடிக்கிறார்கள்.

தேர்வுக்கு வருவோம், ஏனென்றால் பாடத்தின் உண்மையான வடிவத்தை அதுதான் தீர்மானிக்கிறது. மாதிரி வினாத்தாளில் இந்தப் பாடத்திலிருந்து வரும் எல்லா வினாவும் 'மூன்றாவது கோணத்தைக் காண்க' வகை. கழிக்கத் தெரிந்தால் முழு மதிப்பெண். வகுப்புத் தேர்வில் "ஒரு முக்கோணத்தில் இரண்டு விரிகோணங்கள் இருக்க முடியுமா? காரணம் கூறு" என்று கேட்டேன். 'முடியாது' என்று கிட்டத்தட்ட எல்லாரும் சரியாக எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் ஒரு விடைத்தாள் சொன்னது: "புத்தகத்தில் அப்படி ஒரு படம் இல்லை." அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் தரும் ஒரே வகைக் காரணம் அதுதானே. "40°, 60°, 90° கோணங்கள் உள்ள முக்கோணத்தை வரைக" என்ற இன்னொரு வினாவுக்குப் பலர் படமே வரைந்து மூன்று எண்களையும் அழகாகக் குறித்திருந்தார்கள். கூட்டினால் 190 வருகிறது, ஆகவே அப்படி ஒரு முக்கோணம் இல்லை என்று மறுக்கிற துணிவு சிலருக்குத்தான் வந்தது. கேள்வித்தாளில் அச்சான எண்ணைச் சந்தேகிக்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இனி நான் கேட்பவை.

இணைகோடுகள் பாடத்தை முக்கோணப் பாடத்துக்கு முன்னால் திரும்பக் கொண்டுவாருங்கள். முழுப் பாடத்தையும் நகர்த்த இடமில்லை என்றால், இணைகோடுகளை வெட்டிச் செல்லும் குறுக்குவெட்டியும் ஒன்றுவிட்ட கோணங்களும் வரும் பகுதியை மட்டுமாவது இந்த வகுப்பில் வையுங்கள். இரண்டு பக்கம் போதும்.

உட்கோணக் கூடுதலின் நிரூபணத்தைப் பாடத்தின் உடலில், படத்தோடு, முழுமையாக அச்சிடுங்கள். 'கூடுதல் தகவல்' என்றோ 'விரும்பினால் படிக்கலாம்' என்றோ ஓரத்தில் ஒதுக்க வேண்டாம், அப்படி ஒதுக்கியது எதுவும் வகுப்பில் நடத்தப்படுவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

'செய்து பார்' அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் அச்சடித்த 180°-ஐ நீக்குங்கள். அந்த இடம் காலியாக இருக்கட்டும். "உனக்குக் கிடைத்ததை அப்படியே எழுது, நண்பர்களின் விடைகளோடு ஒப்பிடு, ஏன் வேறுபடுகிறது என்று பேசு" என்ற குறிப்பைச் சேருங்கள். 178 என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று கையேட்டில் தெளிவாக எழுதுங்கள். அதே கையேட்டில் காகிதம் கிழிப்பதை நிரூபணம் என்று சொல்லும் வரியையும் திருத்த வேண்டும்.

பயிற்சியில் சாய்ந்த, தலைகீழான, விரிகோணம் உள்ள முக்கோணங்களும் வரட்டும்.

மாதிரி வினாத்தாளில் இந்தப் பாடத்திலிருந்து ஒரு வினாவாவது காரணம் கேட்பதாக இருக்க வேண்டும், அந்தக் காரணத்துக்குத் தனி மதிப்பெண் இருக்க வேண்டும். வரைய முடியாத முக்கோணம் ஒன்றையும் பயிற்சியில் வையுங்கள், "இப்படி ஒன்று இல்லை" என்பதே சரியான விடையாகும்படி.

மறுபதிப்பு அச்சுக்குப் போகும் முன் இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் தாருங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்கு என்ன காரணம் என்று வரிவரியாகச் சொன்னால் போதும். நிரூபணத்தை நீக்க முடிவு செய்த கூட்டத்தின் குறிப்பையும் ஆசிரியர்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். அதுவரை என் வகுப்பில் இணைகோடுகளை முன்கூட்டியே நடத்திவிட்டு, நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். அது பாடத்திட்டத்துக்கு வெளியே என்றால், அதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்